மணற்கரை பாறைக்கரையான வரலாறு: காசிமேடு முதல் எண்ணூர் முகத்துவாரம் வரையிலான நிலவியல் களப்பயணமும் கற்றல் பயனும்

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையின் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரை இன்று பெரும்பகுதி கருங்கற்களால் சூழப்பட்டுள்ளது. நிலவியல் மாணவர்கள் களப்பயணம் செல்லும்போது இக்கரையை இயற்கையான பாறைக் கடற்கரை எனப் பிழையாகக் கொள்ள வாய்ப்புண்டு. உண்மையில் இது மணற்கரை. துறைமுகக் கட்டுமானத்தால் மணல் வரத்துத் தடைப்பட்டுக் கடலரிப்பு நேர, அதைத் தடுக்க உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து கொணர்ந்து இடப்பட்டவையே இக்கற்கள். பாறை, மணல், அலை, கட்டுமானம், மக்கள் வாழ்வு ஆகியவற்றைச் சேர்த்து வாசிக்கும் களமாக இக்கடற்கரையைப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. 'பாறைக்கரை' என்னும் வகைப்பாட்டுச் சொல் இங்கு எத்தகைய பிழைக்கு வழிவகுக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னைக் கடற்கரை, சார்னோக்கைட், கரையோர மணல் நகர்வு, தூண்டில் வளைவு, கடலரிப்பு, நெய்தல், களப்பயணம்.

முன்னுரை

நிலவியல் மாணவர் களத்தில் ஒரு பாறையைக் கண்டதும் செய்யும் முதற்பணி, அதன் பட்டையமைப்பின் நீட்சித் திசையையும் சாய்கோணத்தையும் அளந்து குறிப்பேட்டில் பதிவதாகும். சாய்வுமானியும் திசைகாட்டியும் அதற்கென்றே அவர் கையில் உள்ளன. திருவொற்றியூர்க் கடற்கரையில் இப்பழக்கத்தைப் பின்பற்றினால் ஒரு பாறையில் பட்டையமைப்பு வடக்கு நோக்கியும், அடுத்ததில் கிழக்கு நோக்கியும், மூன்றாவதில் செங்குத்தாகவும் அமையும். நூறு அளவீடுகளை எடுத்து வரைபடத்தில் இட்டாலும் எந்த ஒழுங்கும் புலப்படாது. கருவியில் பழுதில்லை, அளந்தவரிடமும் பிழையில்லை. அப்பாறைகள் தாம் பிறந்த இடத்தில் இல்லை என்பதே காரணம். அவை சரக்குந்தில் வந்தவை.

இந்த ஒழுங்கின்மையே வடசென்னைக் கடற்கரை மாணவருக்குக் கற்பிக்கும் முதற்பாடம். ஒரு பாறையைப் பார்த்து 'இது என்ன பாறை' என்று கேட்பதற்கு முன் 'இது இங்கு எவ்வாறு வந்தது' என்று கேட்க வேண்டும். பனியாறுகள் ஓடிய நாடுகளில் பனிக்கட்டியால் நெடுந்தொலைவு சுமந்து வரப்பட்டுப் பிற பாறைத்தளத்தின் மேல் விடப்பட்ட பெருங்கற்களை நிலவியலாளர்கள் இடம்பெயர் பாறைகள் என்பர். அவற்றின் இருப்பிலிருந்து பனியாறு சென்ற பாதையை அறிவர். வடசென்னையின் கருங்கற்களும் இடம்பெயர் பாறைகளே. அவற்றின் இருப்பிலிருந்து ஒரு நகரம் தன் கடற்கரையில் ஒன்றரை நூற்றாண்டாகச் செய்தவற்றை அறியலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு வடக்கிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையே இக்கட்டுரையின் களம். ஒரு நாளில் நான்கு இடங்களில் நின்று பார்த்துக் கற்கத் தக்கவாறு செய்திகள் வகுக்கப்பட்டுள்ளன.

பெருமணல்: கரையின் பழைய இயல்பு

தொல்காப்பியம் நெய்தல் நிலத்தைப் 'பெருமணல்' என்னும் சொல்லோடு சேர்த்தே குறிக்கிறது. சங்க இலக்கிய நெய்தல் பாடல்களில் பயின்றுவரும் எக்கர் என்னும் சொல் அலையும் காற்றும் குவித்த மணல்மேட்டைச் சுட்டும். கானல் கடற்கரைச் சோலையையும், கழி உப்புநீர் ஓடும் வாய்க்காலையும், அளம் உப்பு விளையும் நிலத்தையும் குறிக்கும். இச்சொற்கள் அனைத்தும் மென்மையான, நகரக்கூடிய, நாள்தோறும் உருமாறும் ஒரு கரையைக் காட்டுகின்றன. சோழமண்டலக் கடற்கரையின் நிலவியலுக்கு இச்சித்திரம் பொருந்துகிறது. மாமல்லபுரம் போன்ற சில இடங்களில் படிகப்பாறை கடலோரத்தில் வெளிப்பட்டாலும், சென்னைக்கு வடக்கே கடற்கரை ஆற்று வண்டலாலும் கடல் மணலாலும் ஆனது. அடித்தளப் பாறை உண்டு. ஆனால் அது படிவுகளுக்கு அடியில் புதைந்துள்ளது. எனவே காசிமேட்டிற்கும் எண்ணூருக்கும் இடையே கரையில் கண்ணுக்குத் தெரியும் எந்தப் பெரும்பாறையும் இயற்கையாக அங்குத் தோன்றியதன்று எனக் கொள்ளலாம்.

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் புனித இராயப்பர் பெயரால் அமைந்தது என்பது பெருவழக்கான கருத்து. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என அழைப்பர். பேதுரு என்னும் கிரேக்கப் பெயருக்குப் பாறை என்பது பொருள். பெயரில் மட்டுமே பாறை இருந்த கரையில் பின்னாளில் பாறையே வந்து அமர்ந்தது. திருவொற்றியூர்த் தலமரபு, பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றியெடுத்த இடமே ஒற்றியூர் என்கிறது. கடல்நீர் கரையேறுவதும் பின்வாங்குவதும் இவ்வூர் நினைவில் நெடுங்காலமாக இடம்பெற்ற செய்தி என்பதற்கு இத்தலமரபு ஒரு சான்று. ஆயினும் கடந்த ஒன்றரை நூற்றாண்டின் கடலரிப்புக்குக் காரணம் வேறு.

முதல் நிறுத்தம்: துறைமுகமும் மணல் நகர்வும்

காசிமேட்டில் நின்று தெற்கே நோக்கினால் மீன்பிடித் துறைமுகமும் அதற்கப்பால் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களும் தெரியும். கரையின் மாற்றம் இங்கிருந்தே தொடங்குகிறது.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் உடையும் அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. 1870-களின் நடுப்பகுதியில் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் கட்டி வந்த சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணி நிறைவுற்றது. கடலுக்குள் நீண்ட இச்சுவர்கள் அலையை மட்டுமன்றிக் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலையும் தடுத்தன.

அந்நகர்வின் இயக்கம் எளியது. அலை கரைக்குச் செங்குத்தாக வராமல் சாய்ந்து வரும்போது, அதன் நீர் மணற்சரிவில் சாய்வாக ஏறுகிறது. இறங்கும்போது புவியீர்ப்பால் நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது. நீரோடு ஏறி இறங்கும் மணல்துகள் ஒவ்வோர் அலைக்கும் சிறிது பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். ஏறுவதும் இறங்குவதுமாகக் கோணல்மாணலான வழியில் அது கரையோரமாகப் பயணம் செய்கிறது. அலை உடையும் பகுதியில் உருவாகும் கரையோர நீரோட்டமும் மணலைச் சுமந்து செல்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே கரையோர மணல் நகர்வு.

சென்னைக் கடற்கரையில் இந்நகர்வு ஆண்டிற்கு இருமுறை திசைமாறுகிறது. ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை தென்திசை அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்றோடு வரும் அலைகள் அதைத் தெற்கே திருப்புகின்றன. வடக்கு நோக்கிய காலம் நீண்டது. ஆதலால் ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சுகிறது.

துறைமுகச் சுவர் இப்பாதையில் குறுக்கே நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரின் தென்புறத்தில் தேங்கியது. மெரினாக் கடற்கரை இன்றுள்ள அகலத்தைப் பெற்றதற்கு இத்தேக்கம் முதன்மைக் காரணம். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலிலும் மணல் சேர்ந்து ஆழம் குறைந்தது. 1904 முதல் துறைமுக நிருவாகத்திற்குத் தலைமையேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயில் வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. சென்னைக் கடலோர மணல் நகர்வு குறித்து அவரே பொறியாளர்களுக்காக எழுதியுள்ளார். ஆகவே இவ்வியக்கம் நூறாண்டுகளுக்கு முன்பே நன்கு அறியப்பட்டிருந்தது.

தென்புறத்தில் தேங்கிய மணல் வடபுறத்திற்குப் போய்ச் சேரவேண்டிய மணல். வடக்கே அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துச் சென்றன; ஆனால் எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. வரவின்றிச் செலவு மட்டும் நிகழும் கணக்கைப் போலக் கரை குறைந்துகொண்டே வந்தது. இராயபுரத்திலிருந்து வடக்கே கரைக்கோடு சில நூறு மீட்டர் உள்வாங்கியது. பல குப்பங்களின் மணல்வெளியும் வீடுகளும் கடலுக்குள் போயின. மெரினாவில் ஒரு நகரம் மாலைக்காற்று வாங்கும் மணற்பரப்பும், திருவொற்றியூரில் ஒரு குப்பம் இழந்த மணற்பரப்பும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

களப்பயிற்சி 1. அலை உடையும் பகுதியில் மிதக்கும் பொருளொன்றை இட்டு, ஒரு நிமிடத்தில் அது கரையோரமாக நகர்ந்த தொலைவை அளக்க வேண்டும். அலை வரும் திசையையும் காற்றின் திசையையும் உடன் குறிக்க வேண்டும். ஆகஸ்டில் ஒருமுறையும் திசம்பரில் ஒருமுறையும் இதைச் செய்தால் திசைமாற்றம் நேரடியாகப் புலப்படும்.

இரண்டாம் நிறுத்தம்: கல்லை வாசித்தல்

திருவொற்றியூர்ப் பகுதியில் கடல் தடுப்புச் சுவரின் கற்களை அருகிலிருந்து பார்க்கலாம். இவற்றுள் சார்னோக்கைட் மிகுதியாகக் காணப்படுகிறது. புதிதாக உடைந்த முகத்தில் இது கரும்பச்சை அல்லது நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்புடன் தோன்றும். கைவில்லையால் நோக்கினால் நீலச்சாயல் கொண்ட குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார், இவற்றிடையே ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பும் மக்னீசியமும் கொண்ட கனிமம் ஆகியன தெரியும். பூமியின் ஆழத்தில் உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீர் குறைந்த சூழலில் இக்கனிமச் சேர்க்கை உருவாகிறது. சென்னைப் பகுதிச் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது.

இப்பாறைக்குப் பெயர் வந்த வரலாறும் இடப்பெயர்ச்சியின் வரலாறே. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னோக்கின் கல்லறை கொல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தாமஸ் ஹாலந்து 1893இல் அப்பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதியிலிருந்து சென்றது எனக் கருதப்படுகிறது. புனித தோமையர் மலை, பல்லாவரம் பகுதிகளின் சார்னோக்கைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. சென்னைப் பாறை ஒன்று கொல்கத்தாவில் கல்லறைக் கல்லாகி உலக நிலவியலுக்கு ஒரு பெயரைத் தந்தது. அதே இனப் பாறை வடசென்னையில் அலையைத் தாங்கிக் கிடக்கிறது.

கற்களின் மேல் மனிதக்கை பட்ட தடங்களையும் மாணவர் தேட வேண்டும். சில கற்களின் விளிம்பில் பாதியாகப் பிளந்த குழாய் போன்ற நேரான பள்ளம் காணப்படும். குவாரியில் வெடிவைக்கத் துளையிட்டதன் எச்சம் அது. இயற்கையான பாறைக்கரையின் கற்கள் அலையால் உருண்டு முனைமழுங்கி இருக்கும். இங்கோ கூர்முனைகள் பெரும்பாலும் குறையாதுள்ளன. இரும்புக் கனிமங்கள் உப்புநீர்த் திவலையில் துருப்பிடித்துப் பழுப்புப் படலம் ஏறியிருக்கும். அலைபடும் மட்டத்தில் கொட்டலசுகளும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்துள்ளன. மணற்கரையில் ஒட்டி வாழும் இவ்வுயிர்களுக்கு இடமில்லை. கல் வந்தபின் இவை வந்தன. ஆகவே பாறை மாறியதோடு உயிர்ச்சூழலும் மாறியுள்ளது.

எவ்வளவு பெரிய கல் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடலோரப் பொறியியலில் பயன்படும் ஹட்சன் வாய்பாட்டின்படி, காப்புக்கல்லின் எடை அலையுயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. அலையுயரம் இருமடங்கானால் தேவைப்படும் எடை எட்டு மடங்காகும். சார்னோக்கைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். கடல்நீரில் மூழ்கிய நிலையில் மிதப்பு விசையால் கல்லின் செயல்திறன் எடை குறையும் என்பதால் அடர்த்தியில் சிறு வேறுபாடும் பெரிய விளைவைத் தருகிறது. கன மீட்டருக்கு 2.4 டன் அடர்த்தியுள்ள காங்கிரீட்டில் அதே வடிவக் கட்டியைச் செய்தால், அதே அலையைத் தாங்க ஏறத்தாழ 1.6 மடங்கு எடை வேண்டியிருக்கும். சென்னைக்கு அருகே கடினமும் அடர்த்தியும் மிக்க கருங்கல் கிடைத்தது இக்கரை கல்லால் சூழப்பட்டதற்குத் துணைக் காரணம் எனலாம்.

களப்பயிற்சி 2. ஒரு கல்லின் நீளம், அகலம், உயரம் அளந்து கனஅளவு கணித்து எடையை மதிப்பிடுக. இருபது கற்களைப் பாறை வகை, துளைத்தடம், முனைமழுங்கல், உயிர் ஒட்டல் என்னும் நான்கு தலைப்புகளில் அட்டவணைப்படுத்துக. நீட்சித் திசையையும் அளந்து, அதில் ஒழுங்கில்லாமையை இடப்பெயர்ச்சியின் சான்றாகப் பதிவுசெய்க.

மூன்றாம் நிறுத்தம்: தூண்டில் வளைவும் அதன் எல்லையும்

கடலரிப்பைத் தடுக்க இக்கரையில் இருவகைக் கற்கட்டுமானங்கள் உள்ளன. கரைக்கு இணையாக அமைவது கடல் தடுப்புச் சுவர். கரையிலிருந்து கடலுக்குள் நீள்வது தூண்டில் வளைவு. கடலுக்குள் நீண்டு நுனி வளைந்த வடிவத்தால் பெயர்பெற்ற இச்சொல், மீன்பிடிக் கருவியொன்றின் பெயரைப் பொறியியல் அமைப்புக்கு வழங்கிய நல்ல ஆக்கம். பேச்சிலும் நாளிதழிலும் அரசு அறிவிப்பிலும் இது நிலைபெற்றுவிட்டது. நிலவியல் பாடநூல்களும் இதனையே கலைச்சொல்லாக ஏற்கலாம்.

தடுப்புச் சுவர் தன் பின்னாலுள்ள சாலையையும் வீட்டையும் காக்கிறது. முன்னாலுள்ள மணலைக் காப்பதில்லை. மணற்சரிவில் ஏறும் அலை தன் ஆற்றலைப் படிப்படியாக இழக்கும். கற்சுவரில் மோதும் அலையின் ஆற்றலில் ஒரு பகுதி திருப்பி எறியப்பட்டுச் சுவரின் அடியிலுள்ள மணலைக் கிளறுகிறது. அடிமணல் போனதும் சுவர் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் மேலும் கல் கொட்டப்படுகிறது. எனவே சுவருக்கு முன் மணல்வெளி மீளாத நிலையும், தொடர்ந்து கல் கொட்ட வேண்டிய நிலையும் உண்டாகின்றன.

தூண்டில் வளைவு வேறு முறையில் இயங்குகிறது. அது கரையோர மணல் நகர்வைத் தடுத்து ஒரு பக்கத்தில் மணலைத் தேக்குகிறது. 2000-களின் முற்பகுதியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் இராயபுரத்திற்கு வடக்கே தொடராகத் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. இவற்றின் இடையே சில இடங்களில் மணல் சேர்ந்து சிறு கடற்கரைகள் உருவாயின. படகை இழுத்துவைக்கவும் வலை உலர்த்தவும் இடம் மீண்டும் கிடைத்தது. இது மறுக்க முடியாத பயன்.

அதன் எல்லையையும் மாணவர் உணர வேண்டும். தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. வரும் மணலைப் பங்கிடுகிறது. ஒரு வளைவில் தேங்கிய மணல் அதற்கு வடக்கேயுள்ள கரைக்குச் சென்றிருக்க வேண்டியது. ஆதலால் தொடரின் கடைசி வளைவுக்கு வடக்கே அரிப்பு இடம்மாறித் தோன்றும். அங்கு மற்றொரு வளைவு தேவைப்படும். துறைமுகச் சுவர் பெரிய அளவில் செய்ததைத் தூண்டில் வளைவு சிறிய அளவில் செய்கிறது. தடுக்கப்பட்ட மணலை எந்திரத்தால் எடுத்துத் தடைக்கு அப்பால் இடுதல், வெளியிலிருந்து மணல் கொணர்ந்து கரையை ஊட்டுதல் ஆகிய முறைகள் மணல் கணக்கையே நேர்செய்ய முயல்பவை. புதுச்சேரியில் துறைமுகத்திற்கு வடக்கே நீருக்கடியில் தடுப்பமைத்து மணலூட்டி மீண்டும் ஒரு கடற்கரையை உருவாக்கியது இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு.

கரையோரக் கருமணல் கோடுகளும் இங்கு ஆய்வுக்குரியவை. மேக்னடைட், இல்மனைட், கார்னெட் போன்ற அடர்த்தி மிக்க கனிமங்கள் குவார்ட்சைவிட எடை மிக்கவை. அலை இலகுவான குவார்ட்சு மணலை வாரிச்செல்ல, இவை எஞ்சிக் கருங்கோடாகவும் செங்கோடாகவும் படிகின்றன. ஒரு கரையில் கருமணல் செறிந்திருப்பது, அங்கு அலை அண்மையில் மணலை எடுத்துச்சென்றது என்பதற்குரிய அறிகுறிகளுள் ஒன்று.

களப்பயிற்சி 3. ஒரு தூண்டில் வளைவின் தென்புறத்திலும் வடபுறத்திலும் மணல்மட்டத்தை அளவுகோலால் அளந்து ஒப்பிடுக. இருபுறத்திலும் ஒரே அளவு மணலை எடுத்து, உலர்த்தி, காந்தத்தால் பிரித்து, காந்தத்தில் ஒட்டிய பங்கை எடையிட்டு ஒப்பிடுக.

நான்காம் நிறுத்தம்: எர்ணாவூரும் எண்ணூர் முகத்துவாரமும்

2017 சனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்திற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கப்பல் எரிபொருள் எண்ணெய் வாடைக்கால நீரோட்டத்தில் தெற்கே நகர்ந்தது. எர்ணாவூர்ப் பகுதியில் மிகுதியாக ஒதுங்கியது. எண்ணெய் சென்ற திசை, மேலே கூறிய பருவகாலத் திசைமாற்றத்தைக் கண்கூடாகக் காட்டிய நிகழ்ச்சி.

எண்ணெய் எர்ணாவூரில் தேங்கியதற்குக் கரையின் வடிவமும் காரணம். தூண்டில் வளைவுகளின் மறைவில் நீர் அமைதியாக இருக்கும். மணலைத் தேக்கும் அதே அமைதி எண்ணெயையும் தேக்கியது. கற்களின் இடைவெளிகளில் தார்போன்ற எண்ணெய் புகுந்து கெட்டிப்பட்டது. மணற்பரப்பில் படிந்த எண்ணெயை மணலோடு சேர்த்து வாரி அகற்றலாம். கல் இடுக்கில் புகுந்ததை அவ்வாறு அகற்ற இயலாது. தன்னார்வலர்களும் பணியாளர்களும் வாளிகளால் அள்ளிக் கைமாற்றிக் கரையேற்றினர். கரையைக் கல்லாக மாற்றுவதால் அரிப்பு நிற்கலாம். ஆனால் விபத்துக் காலத்தில் அக்கரை நடந்துகொள்ளும் முறையும் மாறிவிடுகிறது. கடற்கரைத் திட்டங்களில் இவ்விரண்டாம் விளைவு கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

இங்கிருந்து வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கொசத்தலையாறு கடலைச் சேர்கிறது. ஆற்றுநீரும் ஓதநீரும் முகத்துவாரத்தைத் திறந்துவைக்க, கரையோர மணல் நகர்வு அதை மூட முயல்கிறது. இவ்விரண்டின் போட்டியில் மணல்திட்டு உருவாவதும் கரைவதும் இயற்கை. ஆற்றின் நீர்வரத்தும் கழியின் பரப்பும் குறையும்போது மணலின் கை ஓங்கி முகத்துவாரம் அடைபடுகிறது. கழியின் கரையில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்துள்ளதும், உப்பளங்களும் அலையாத்திச் செடிகளும் இருந்த நிலத்தில் தொழிற்கூடங்கள் எழுந்துள்ளதும் இக்கணக்கில் சேர்கின்றன. முகத்துவாரத்திற்கு வடக்கே 2001இல் செயற்படத் தொடங்கிய காமராசர் துறைமுகமும், அதற்கும் வடக்கே பின்னர் அமைந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் தத்தம் அலைதடுப்புச் சுவர்களைக் கொண்டுள்ளன. சென்னைத் துறைமுகத்தின் வடபுறத்தில் நிகழ்ந்தது பழவேற்காடு வரையுள்ள கரையில் மீண்டும் நிகழாதிருக்க, கரைக்கோட்டை ஆண்டுதோறும் அளந்து கண்காணிப்பது இன்றியமையாதது.

களப்பயிற்சி 4. முகத்துவாரத்தின் மணல்திட்டை வரைபடமாக வரைந்து, வேறு ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடுக. கழியின் வண்டலையும் கடற்புற மணலையும் துகளளவில் ஒப்பிடுக.

கருங்கற்கள் பாசிபடிந்து வழுக்குபவை; அவற்றின் இடைவெளிகள் காலை முறிக்கும் அளவு ஆழமானவை. அலை மிகுந்த நாட்களிலும் பருவமழைக் காலத்திலும் கற்களின் கடற்புற முகத்தில் மாணவரை இறக்கலாகாது. குப்பத்தின் வழியே செல்லும்போது அங்குள்ளோரிடம் இசைவு பெறுவதும் களநெறியில் அடங்கும்.

வகைப்பாட்டுச் சொல்லும் அதன் விளைவும்

கடற்கரைகளை மணற்கரை, சேற்றுக்கரை, பாறைக்கரை எனப் பிரிப்பது பாடநூல் மரபு. அரிப்புக்கு ஆளாகும் தன்மையை மதிப்பிடும்போது பாறைக்கரைக்குக் குறைந்த இடர் மதிப்பெண்ணும் மணற்கரைக்கு உயர்ந்த இடர் மதிப்பெண்ணும் அளிக்கப்படுகின்றன. இயற்கைப் பாறைக்கரைக்கு இது பொருந்தும். கன்னியாகுமரியின் பாறைகள் ஒரு தலைமுறையில் கரைந்துபோவதில்லை. வடசென்னையின் கற்கரையையும் பாறைக்கரை எனப் பதிந்தால், அரிப்பு மிகுந்ததால் கல்லிடப்பட்ட கரை அரிப்பில்லாக் கரையாகக் கணக்கில் ஏறிவிடும். நோயாளிக்கு இட்ட கட்டைக் கண்டு நோயில்லை என முடிவுசெய்வதற்கு இது ஒப்பாகும்.

எனவே தமிழில் இதற்குத் தனிச்சொல் வேண்டும். மக்கள் வழக்கில் 'கல் கொட்டுதல்' என்னும் தொடர் உள்ளது. அதையொட்டிக் 'கல்லிட்ட மணற்கரை' என வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. 'செயற்கைப் பாறைக்கரை' என்பதைவிட இது ஏற்றது. கல் இடப்பட்டது என்பதையும், அடியில் இருப்பது மணற்கரையே என்பதையும் ஒருசேரக் கூறுகிறது. இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியுள்ளதாகத் தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் மதிப்பீடு கூறும் நிலையில், கல்லிட்ட கரைகளின் நீளம் பெருகவே செய்யும். அவற்றைச் சரியாகப் பெயரிடுவது சரியாகக் கணக்கிடுவதற்கு முதற்படி.

சொல்லின் பின்னே வாழ்வும் உள்ளது. கரைவலை இழுக்க அகன்ற மணல்வெளி வேண்டும். கற்கரையில் கரைவலைக்கு இடமில்லை. கட்டுமரத்தை அலையில் இறக்கவும் ஏற்றவும், மீன் உலர்த்தவும், வலை பிரிக்கவும் மணலே களம். பெருமணல் போனபின் எக்கர், கானல் முதலிய சொற்கள் உரைநூல்களில் மட்டும் பொருள் பெறுகின்றன. நெய்தலைக் கற்பிக்கும் தமிழ் வகுப்பும் கடலரிப்பைக் கற்பிக்கும் நிலவியல் வகுப்பும் ஒரே கரையில் சந்திக்க வேண்டியதன் தேவை இதுவே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரை இயல்பில் மணற்கரை. அங்குள்ள பாறைகள் குவாரிகளிலிருந்து கொணரப்பட்டவை. பட்டையமைப்பின் ஒழுங்கின்மை, துளைத்தடம், மழுங்காத முனை ஆகியவை இதற்குக் களச்சான்றுகள்.

2. வடக்கு நோக்கிய மணல் நகர்வைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தமையே தெற்கில் மெரினா அகன்றதற்கும் வடக்கில் கரை அழிந்ததற்கும் முதன்மைக் காரணம்.

3. தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் குறிப்பிட்ட இடத்தைக் காக்கின்றன. கரை முழுமைக்குமான மணல் பற்றாக்குறையை அவை தீர்ப்பதில்லை.

4. கல்லிட்ட கரை எண்ணெய்க் கசிவு போன்ற விபத்துகளில் மணற்கரையினின்று வேறுபட்டு இயங்குகிறது.

5. இத்தகைய கரைகளைக் 'கல்லிட்ட மணற்கரை' எனத் தனியே வகைப்படுத்துவது இடர் மதிப்பீட்டில் நேரும் பிழையைத் தவிர்க்கும்.

களப்பயணத்தின் முடிவில் மாணவரின் குறிப்பேட்டில் நூறு தாறுமாறான அளவீடுகள் இருக்கும். அவற்றை அழித்துவிட வேண்டியதில்லை. அவை பாறையின் வரலாற்றைக் கூறாவிடினும், அப்பாறை அங்கு வரவேண்டியிருந்த கரையின் வரலாற்றைக் கூறுகின்றன.